இரண்டாம் இடம்

முதல் பரிசு வாங்கியவனை ஊர் சீக்கிரம் மறந்துவிடும். இரண்டாம் பரிசு வாங்கியவன் மட்டும் தன்னை மறப்பதே இல்லை. அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஒரு ஹாஸ்யக் கதைக்கு. ஒரு மாமியாரும் மருமகளும் மாவரைக்கும் இயந்திரத்துக்காகப் போடும் சண்டைதான் கதை. நானோ மரணத்தைப் பற்றி எழுதியிருந்தேன்! மரணம் எங்கே, மாவு எங்கே என்று பல வருஷங்கள் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் குமைச்சல் சமீபத்தில்தான் அடங்கிற்று. அடக்கி வைத்தது ஓர் ஆங்கிலப் பாட்டின் சரித்திரம். அதைச் சொல்கிறேன்.

‘அல்ட்ராவாக்ஸ்’ என்பது 1970களில் லண்டனில் தோன்றிய இசைக் குழு. சிந்தசைசர் என்கிற வாத்தியத்தைப் பிரதானமாகக் கொண்டு பாடியவர்கள். அதில் தந்தியும் இல்லை, துளையும் இல்லை, மின்சாரமே நாதமாகிறது. மூன்று இசைத்தட்டுத் தொகுதிகள் வெளியிட்டும் விற்பனை சோபிக்கவில்லை. 1979-இல் பாடகர் ஜான் ஃபாக்ஸும் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரான மிட்ஜ் யூர் வந்து சேர்ந்தார். ஜெர்மானியரான கோனி பிளாங்கின் மேற்பார்வையில் உருவான அடுத்த தொகுதி 1980-இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘வியன்னா’. அதே பெயரில் ஒரு பாட்டும் அதில் இருந்தது.

அந்தப் பாட்டைத் தனித் தட்டாக வெளியிடுவதில் கம்பெனிக்கு உற்சாகமில்லை. ரொம்ப நீளம், ரொம்ப மெதுவு, கேட்டால் மனம் சோர்ந்துபோகும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். நான் கேட்டுப் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாளம் போடும் இயந்திரம் ஒன்று, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் விட்டுவிட்டு ஒலிக்கிறது. பியானோ வருகிறது. குரல் வருகிறது. பாட்டின் நடுவில் பில்லி கரி என்பவர் வயோலாவை எடுக்கிறார். வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் கனத்த வாத்தியம் அது. அத்தனை மின்சாரத்துக்கும் மத்தியில் ஒரு மரக் கருவி அழுகிறது. நடை வேகம் பிடிக்கிறது. பிறகு பழைய நிதானத்துக்கே திரும்பிவிடுகிறது. நீளமும் மெதுவும் சோகமும்தான் அந்தப் பாட்டின் உயிர். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இராது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பாட்டுக்கு எது தூண்டுதல் என்று நிருபர்கள் கேட்டபோது, வியன்னா நகரத்தின் அந்தக் காலத்து ஓவியர்கள், அவர்களுடைய கலை இயக்கம் என்றெல்லாம் மிட்ஜ் யூர் கம்பீரமாகப் பேசினார். பின்னாளில், அதெல்லாம் சும்மா சொன்னது, விடுமுறைக்குப் போன இடத்தில் மலர்ந்து ஊர் திரும்பியதும் வாடிவிடும் காதலைப் பற்றித்தான் பாடினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். எழுத்தாளனாகிய எனக்கு இது புரிகிறது. சின்ன விஷயத்தைப் பற்றி எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கூச்சம்.

தனித் தட்டு 1981 ஜனவரியில் வெளிவந்தது. பிரிட்டன் அப்போது துக்கத்தில் இருந்தது. 1980 டிசம்பர் 8-ஆம் தேதி நியூயார்க்கில் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஜனங்கள் கடைக்குப் போய் அவருடைய தட்டுகளை வாங்கித்தான் துக்கம் காத்தார்கள். ஜனவரியில் நாலு வாரம் அவருடைய ‘இமேஜின்’ முதலிடத்தில் இருந்தது. பிப்ரவரியில் அவருடைய ‘உமன்’ அந்த இடத்துக்கு வந்தது. ‘வியன்னா’ படிப்படியாக ஏறி, பிப்ரவரி நடுவில் இரண்டாம் இடத்தை எட்டியது. லெனனுக்குக் கீழே ஒரு வாரம் இருந்தது.

மறு வாரம் லெனன் இறங்கினார். ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது ‘வியன்னா’ அல்ல. ஜோ டோல்சே என்பவரின் ‘ஷட்டப் யூ ஃபேஸ்’. ‘வாயை மூடடா’ என்கிற தோரணையில் ஒரு கோமாளிப் பாட்டு! அது மூன்று வாரம் அசையவில்லை. மொத்தம் நாலு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டு ‘வியன்னா’ கீழே இறங்கிவிட்டது.

இந்த இடங்களை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த சில நூறு கடைகளில், விற்ற தட்டுகளைக் கடைக்காரர் ஒரு குறிப்புப் புத்தகத்தில் கைப்பட எழுதுவார். வாரக் கடைசியில் அந்தப் புத்தகங்களை வாங்கிக் கூட்டிக் கழித்துப் பட்டியல் போடுவார்கள். கம்ப்யூட்டர் முறை 1983-இல்தான் வந்தது. எது நல்ல பாட்டு என்று அந்தப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. அந்த வாரம் எத்தனை பேர் பையில் கையை விட்டார்கள் என்பதுதான் அதில் இருந்தது.

ஆனாலும் ‘வியன்னா’வின் ரசிகர்கள் ஆறவில்லை. உன்னதத்தைக் கோமாளித்தனம் வென்றதற்கு உதாரணமாக முப்பது வருஷங்களுக்கு மேல் இதைச் சொல்லி வந்தார்கள். 2012-இல் பி.பி.சி.யின் இரண்டாம் வானொலியும் பாட்டுப் பட்டியல் நிறுவனமும் சேர்ந்து, இரண்டாம் இடத்தோடு நின்றுபோன பாட்டுகளில் ஜனங்களுக்கு மிகப் பிடித்தது எது என்று வாக்கெடுத்தார்கள். ‘வியன்னா’ ஜெயித்தது. அதற்குக் கௌரவ முதலிடமும் கொடுத்தார்கள்.

இங்கேதான் நான் யோசித்தேன். நாலு வாரத்தில் முதல் வாரம் ‘வியன்னா’வைத் தடுத்தவர் லெனன் அல்லவா? அந்த வாரத்தைப் பற்றிக் குறைப்படுகிறவர் யாரும் இல்லையே! பெரியவருக்குக் கீழே நிற்பதில் அவமானம் இல்லை. சிரிக்க வைப்பவனுக்குக் கீழே நிற்பதுதான் பொறுக்கவில்லை. மனக்குறை என்பது கணக்கைப் பார்த்து வருவதில்லை. எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

அந்த எதிராளி யார்? ஜோ டோல்சே 1947-இல் அமெரிக்காவில் ஓர் இத்தாலிய வம்சத்தில் பிறந்தவர். பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். யுத்தத்துக்குப் பிறகு இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய தேசம் அது. சதா முறையிடும் பிள்ளையை அதட்டி, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிராதே என்று தேற்றும் தாயாரின் குரல்தான் அந்தப் பாட்டு. ஆங்கிலம் சரியாக வராத இத்தாலியனின் கொச்சையிலேயே அதைப் பாடினார். ஆஸ்திரேலியாவில் அது எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. டோல்சே பின்னாளில் கவிதைகள் எழுதி வெளியிட்டார். விடுமுறைக் காதல் சின்ன விஷயம் என்றால், பிழைக்க வந்த ஊரில் அம்மாவிடம் வாங்கும் திட்டு அதைவிடச் சின்னதா?

துக்கத்தில் இருந்த ஒரு தேசம் லெனனை வாங்கிற்று; ‘வியன்னா’வை வாங்கிற்று; பிறகு வாய்விட்டுச் சிரிக்கவும் கொஞ்சம் பணம் எடுத்து வைத்தது. இழவு வீட்டில் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் சிரிப்பு மூட்டுவதை நாம் பார்த்ததில்லையா? அவரை யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த இரவு, பரண்மேல் இருந்த அந்தப் பழைய பத்திரிகையை இறக்கித் தூசி தட்டினேன். முதலில் என் கதையைப் படித்தேன். எல்லோரும் அழகாகப் பேசுகிறார்கள், செத்துப்போகிறார்கள், ஒருவருக்காவது பசிக்கவில்லை. பிறகு மாவரைக்கும் இயந்திரக் கதையைப் படித்தேன். கடைசியில், மருமகள் ஊருக்குப் போனபின் மாமியார் ஒருத்தியாக அந்த இயந்திரத்தைத் துடைத்து வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. முன்பு படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. விளக்கை அணைக்கவும் தோன்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.