தொட்டில் காய்ச்சல்

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். நாம் பழைய நண்பர்கள் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு உடம்பைப் பற்றித்தானே! ஆகவே ஒரு காய்ச்சலின் வரலாற்றையே எழுதுகிறேன்.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த 'ரஜுலா' கப்பலில் பயணிகளோடு 'ஆசிய ஃப்ளூ'வும் வந்து இறங்கியது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். உலகெங்கும் அதிகமாகப் படுக்கையில் விழுந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

அலை அடங்கியதும் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அதுதான் இல்லை! அதுவரை உலவிய எச்1என்1 வைரஸைப் புதிதாக வந்த எச்2என்2 விரட்டிவிட்டது. 1968-ல் ஹாங்காங் ஃப்ளூ எனும் எச்3என்2 வந்து அதையும் விரட்டியது. எச்1என்1 என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

1977-ல் அந்தப் பழைய எச்1என்1 சீனாவிலும் ரஷ்யாவிலும் மறுபடி தலைகாட்டி உலகைச் சுற்றியது. யாரைப் பிடித்தது தெரியுமா? பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்ட பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை. 1957-க்கு முன் பிறந்த என் போன்றவர்களுக்கு அது பழைய பகையாளி, பெரும்பாலும் தப்பித்தோம்.

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். ஃப்ளூவுக்கும் அது பொருந்தும். சிறு வயதில் முதலில் சந்தித்த வைரஸின் முத்திரை எதிர்ப்புச் சக்தியில் கடைசிவரை நிற்கிறது என்பதை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960-லேயே எடுத்துச் சொன்னார்.

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின, முகக்கவசம் வந்தது, ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போனது. 'பி யமகாட்டா' என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படவே இல்லை. 2023-ல் அதைத் தடுப்பூசியிலிருந்து நீக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். அந்த அமைதியில் பிறந்த குழந்தைகள் பலர் தங்கள் முதல் ஃப்ளூவைத் தாமதமாகவே சந்தித்தார்கள். அதன் முத்திரை என்ன செய்யும் என்பது அவர்கள் கல்லூரிக்கு வரும்போதுதான் தெரியும்.

இன்றைய மாணவத் தம்பி, தங்கைகளே! நாளை நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். "சும்மா ஜுரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 6 மாதம் முடிந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் போட ஃப்ளூ தடுப்பூசி இருக்கிறது. 1957-ல் எங்களைப் பெற்றவர்கள் கையில் நெற்றிக்கு ஈரத்துணிதான் இருந்தது.