நீரின் வாய்பாட்டில் ஒரு 2

மான்செஸ்டரில் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில், நீருக்கு அந்த 2 கிடையாது. அவர் எழுத்தால் எழுதாமல் வட்டங்களாக வரைந்தார். வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவே புள்ளி வைத்தது ஹைட்ரஜன். இரண்டும் ஒட்டி நின்றால் நீர். இரு தனிமங்கள் சேர்ந்து உண்டாகும் சேர்மம் ஒன்றே ஒன்றுதான் தெரியும் என்றால், அதில் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்ளலாம் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. அதற்கு எளிமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. விளைவோ பெரிது. நீரில் ஹைட்ரஜனின் எடையைப் போல எட்டு மடங்கு ஆக்சிஜன் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜனின் அணு எடை 8. இரண்டுக்கு ஒன்று என்றால் 16.

பாரிஸில் கே-லுசாக் வாயுக்களை அளந்து பார்த்தார். ஹைட்ரஜன் 2 பங்கு, ஆக்சிஜன் 1 பங்கு, கிடைக்கும் நீராவி 2 பங்கு. டால்டன் ஏற்கவில்லை. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் போக வேண்டுமானால் அணு இரண்டாகப் பிளந்தாக வேண்டுமே! ஆக்சிஜன் வாயுவின் துகளே இரட்டையாக இருக்கலாம் என்று 1811-இல் அவகாத்ரோ விடை சொன்னார். கேட்பார் இல்லை.

ஸ்வீடனின் பெர்சீலியஸ்தான் 2-க்கு இடம் கொடுத்தார். லத்தீன் பெயரின் முதல் எழுத்தைக் குறியீடாக்கி, எண்ணை எழுத்தின் தலைமேல் வைத்தார். 1834-இல் லீபிக் அதைக் கீழே இறக்கினார். அப்போதும் அது நிலைக்கவில்லை. 1840-களில் பலர் மறுபடி டால்டனின் ஒன்றுக்கு ஒன்றையே எழுதினார்கள். புளிக்காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்துக்கு மட்டும் புழக்கத்திலிருந்த 19 வாய்பாடுகளைக் கெக்குலே 1861-இல் தம் பாடநூலில் அடுக்கியிருக்கிறார். அந்தக் காலத்து மாணவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் வேதியியலாளர்கள் கூடினார்கள். முடிவெதுவும் எட்டவில்லை. ஆனால் அவகாத்ரோவின் கருத்தைக் கொண்டே அணு எடைகளை ஒழுங்குபடுத்தி கன்னிசாரோ 1858-இல் எழுதிய சிறு நூல், கூட்டம் முடியும்போது கைக்குக் கை போயிற்று. வந்திருந்தவர்களில் மெண்டலீவும் ஒருவர். ஆக்சிஜன் 16 ஆனது, எச்₂ஓ நிலைத்தது.

சமன்பாட்டைச் சமன்செய்யும்போது சின்ன எண்ணைத் தொடாதே என்று ஆசிரியர்கள் கண்டிப்பதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. எச்₂ + ஓ₂ → எச்₂ஓ என்று எழுதினால் வலப்புறம் ஓர் ஆக்சிஜன் குறையும். பிள்ளைகளின் கை உடனே ஓ-வின் காலடியில் ஒரு 2 போடப் போகும். கணக்கு சரியாகிவிடும், ஆனால் அது நீர் இல்லை, தெனார் 1818-இல் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. மாற்ற வேண்டியது முன்னால் நிற்கும் எண்ணை: 2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ. அந்த 2, 1, 2 கே-லுசாக் அளந்த பங்குகளேதான்.