முழுக்கு எடுத்தாச்சா? – ஜான் பன்யன் போட்ட ஒரு சண்டை

தமிழ்க் கிறிஸ்தவ நண்பர்களோடு கொஞ்சம் பழகினவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல: "முழுக்கு எடுத்தாச்சா?" சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். அவரே பின்னாளில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால், அங்கே அது கணக்கில் வராது. வளர்ந்த பிறகு, தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எழுந்தால்தான் ஞானஸ்நானம். அதுவரை பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம், பிரசங்கம் கேட்கலாம். அப்பமும் ரசமும் தட்டில் வரும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயம். உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. பந்தியில் இடம் இல்லை என்பதை எந்த மொழியில் சொன்னாலும் வலிக்கத்தான் செய்யும்.

இந்தத் தகராறு நம் ஊரில் உண்டானது அல்ல. 350 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் இதே கேள்வியை வைத்து ஒரு பெரிய புத்தகச் சண்டை நடந்தது. அதில் ஒரு பக்கம் தனியாக நின்றவர் நமக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்தவர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எந்த ஆங்கில நூலைத் தழுவியதோ, அந்த 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' எழுதிய ஜான் பன்யன். (பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'பனியன்' என்றே இருக்கும். எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்துவிடுவதால் பன்யன் என்றே எழுதுகிறேன்.)

பன்யன் 1628இல் பெட்போர்டு நகரத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார். ஊர் ஊராகப் போய் ஓட்டைச் சட்டி, கெட்டில் அடைத்துக் கொடுப்பது தொழில். அப்பாவுக்கும் அதே தொழில். உள்நாட்டுப் போரில் கொஞ்ச காலம் சிப்பாய். அவருடைய சுயசரிதையில் எனக்கு மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. ஒருநாள் தொழில் விஷயமாகப் பெட்போர்டு தெருவில் போகிறார். மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பன்யனுக்கு மதப் பேச்சு நன்றாகவே வரும், அதனால் கிட்டே போய் நிற்கிறார். ஆனால் அவர்கள் பேசுவது அவருக்கு எட்டவில்லை. ஏதோ வேறு உலகத்தைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி சந்தோஷமாகப் பேசுகிறார்கள். அவர் உள்ளே கலங்கிப் போய்த் திரும்புகிறார்.

அந்தப் பெண்கள் ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தவர்கள். 1650இல் பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்த சபை அது. போதகர் ஜான் கிஃபோர்டின் கதை சினிமாவுக்கே ஆகும். மன்னர் பக்கப் படையில் மேஜராக இருந்து, பிடிபட்டு, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பார்க்க வந்த சகோதரியின் உதவியால் காவலர்கள் தூங்கும்போது தப்பியவர். பெட்போர்டில் வைத்தியராகக் குடி, சூதாட்டம் என்று காலம் தள்ளி, பிறகு மனம் மாறிப் போதகர் ஆனார். 1655இல் அவர் சாகும் தறுவாயில் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஞானஸ்நானம், கை வைத்தல், எண்ணெய் பூசுதல், சங்கீதம் பாடுதல் போன்ற வெளிக்காரியங்களுக்காக யாரும் சபையை விட்டுப் பிரியக்கூடாது, இதற்குக் கர்த்தரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கட்டளை மாதிரியே எழுதியிருக்கிறார். பன்யன் அந்தச் சபையில் சேர்ந்தது ஏறக்குறைய இதே சமயத்தில். அவர் பிற்காலத்தில் எழுதியதை எல்லாம் இந்தக் கடிதத்துக்கு எழுதிய நீண்ட உரை என்றே நான் வாசிக்கிறேன்.

அடுத்த பகுதி பலருக்கும் தெரியும். மன்னராட்சி திரும்பியது. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 நவம்பர் 12 அன்று பன்யன் கைதானார். இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 12 வருஷம் பெட்போர்டு சிறை. வெளியே இரண்டாவது மனைவி எலிசபெத்தும் முதல் மனைவியின் நான்கு குழந்தைகளும். அதில் மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. சிறையில் நாடா பின்னி, நுனிக்கு உலோகம் போட்டு விற்றுக் குடும்பத்துக்குக் காசு அனுப்பினார். 1672 தொடக்கத்தில், இன்னும் கைதியாக இருக்கும்போதே, சபை அவரைப் போதகராகத் தேர்ந்தெடுத்தது. அந்த வருஷம் மன்னர் சட்டத்தைத் தளர்த்தியதால் விடுதலை. சபை ஒரு தோட்டத்துக் களஞ்சியத்தை வாங்கிக் கூடுமிடமாக்கிக்கொண்டது.

வெளியே வரும் அதே வருஷத்தில், சிறையில் எழுதிய ஒரு விசுவாச அறிக்கையை வெளியிடுகிறார். தான் நம்புவது இது, இதற்காகத்தான் இத்தனை வருஷம் உள்ளே இருந்தேன் என்கிற தொனி. அதன் இரண்டாம் பாதியில், யாரோடு சபை ஐக்கியம் வைத்துக்கொள்வேன், யாரோடு மாட்டேன் என்று எழுதுகிறார். ஒருவர் தேவனுக்குப் பயந்து நடக்கும் விசுவாசி என்று வாழ்க்கையில் தெரிந்தால் போதும், தண்ணீர் விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாவிட்டாலும் பந்தியில் இடம் உண்டு என்பது அவர் நிலை.

அரசாங்கத்தை விட வேகமாகக் கோபப்பட்டது சொந்தக்காரர்கள்தான். லண்டன் பாப்டிஸ்டு போதகர்கள் வரிசையாகப் பதில் எழுதினார்கள். தாமஸ் பால் ஒரு புத்தகம் போட்டார், அதற்கு முன்னுரை வில்லியம் கிஃபின். கிஃபின் அப்போது பெரிய துணி வியாபாரி, நாடாளுமன்றத்தில் இருந்தவர், பாப்டிஸ்டு தலைவர்களில் முதல் வரிசை. ஹென்றி டான்வர்ஸ் தன் ஞானஸ்நானப் புத்தகத்தில் பன்யனுக்கென்று ஒரு பின்னிணைப்பே சேர்த்தார். சட்டி அடைக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற ஏளனமும் அந்தப் பதில்களில் இருந்திருக்கிறது. என் தொழிலையும் பிறப்பையும் ஏன் இழுக்கிறீர்கள், நான் சொன்னதை அல்லவா எடைபோட வேண்டும் என்று பன்யன் தன் மறுப்பில் வருத்தத்தோடு கேட்கிறார்.

அந்த மறுப்பு 1673இல் வந்தது. தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு ஐக்கியத்துக்குத் தடையல்ல என்பது தலைப்பின் சாரம். வாதம் எப்படிப் போகிறது? ஞானஸ்நானம் சபைக்குள் நுழையும் சடங்கு அல்ல, அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்கிறார். அது முழுகுகிறவருக்கே அடையாளம், அவருடைய விசுவாசத்தைத் தேற்றுவதற்கு. சபை அவரை அடையாளம் காண்பதற்கு அல்ல. சபை பார்க்க வேண்டியது வாழ்க்கையை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த 40 வருஷமும் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் நடக்கவில்லை, அதற்காக அவர்களை ஜனத்தை விட்டுத் தள்ளினார்களா? பலவீனனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் ரோமர் 14இல் சொன்னது பின் யாருக்கு? என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கு இதைச் சொல்வதென்றால், ஞானஸ்நானம் பாஸ்வேர்டு இல்லை என்கிறார். உள்ளே இருப்பவரிடம் உள்ள ஒரு பரிசு, அவ்வளவுதான்.

அவர் ஞானஸ்நானத்தை மதிக்காதவர் என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. வளர்ந்தவர்களின் ஞானஸ்நானம்தான் சரி என்பது அவருடைய கட்சியும். ஆனால் வாழ்க்கை இவ்வளவு சுத்தமாகக் கோடு போட்டு நடக்கவில்லை. எல்ஸ்டோ ஆலயப் பதிவேட்டில் அவருடைய மகள் மேரிக்கு 1650இல் குழந்தை ஞானஸ்நானம் நடந்த பதிவு இருக்கிறது. தன் மனமாற்றத்தின் ஒவ்வொரு நடுக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதியவர், தான் எந்த ஆற்றில் எந்த நாளில் முழுகினேன் என்று அந்தச் சுயசரிதையில் ஒரு வரி எழுதவில்லை. இது எனக்கு அவருடைய எந்த வாதத்தையும் விடப் பலமாகப் படுகிறது.

எதிர்த்தரப்பை வில்லன்களாகப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. கிஃபினும் மதத்துக்காகச் சிறை பார்த்தவர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: மத்தேயு 28இல் இருப்பது கட்டளை, அப்போஸ்தலர் 2இல் விசுவாசித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வெளிப்படையான ஒரு கட்டளையை 'பரவாயில்லை' என்று விட்டால், அடுத்து எதை விடுவீர்கள்? அரச சபையின் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததற்காகவே அடி வாங்கின கூட்டம் அது. நாம் இத்தனை பாடுபட்டது வீணா என்ற பதற்றம் அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், 1677இல் அதே பாப்டிஸ்டுகள் கூடி ஒரு பொது அறிக்கை எழுதியபோது, ஞானஸ்நானம் பெறாதவரோடு திருவிருந்து உண்டா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது என்று பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டார்கள். கிஃபின் விடவில்லை, 1681இல் இதற்கென்றே இன்னொரு புத்தகம் எழுதினார்.

பன்யன் 1674இல் ஒரு சிறு நூலோடு இந்தச் சண்டையை முடித்துக்கொண்டார். உங்களை எந்தப் பெயரால் அழைப்பது என்று கேட்டவர்களுக்கு, கிறிஸ்தவன் என்றால் போதும், இந்தக் கட்சிப் பெயர்கள் எருசலேமிலிருந்தோ அந்தியோகியாவிலிருந்தோ வந்தவை அல்ல என்கிற மாதிரி பதில்.

நான்கு வருஷம் கழித்து 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' வருகிறது. இந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டு அதைத் திரும்பப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கிறிஸ்தியான் இடுக்கமான வாசல் வழியாக நுழைகிறான், சிலுவையடியில் சுமை விழுகிறது, பிறகு 'அழகு மாளிகை'க்கு வருகிறான். அந்த மாளிகை சபையின் உருவகம். அங்கே காவலாளி நிறுத்துகிறான், வீட்டுப் பெண்கள் வந்து கேள்வி கேட்கிறார்கள்: எங்கிருந்து வருகிறாய், வழியில் என்ன பார்த்தாய், மனைவி மக்களை ஏன் கூட்டி வரவில்லை? பதில்களைக் கேட்டுக் கண்கலங்கி, உள்ளே அழைத்து, பந்தியில் உட்கார வைக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெட்போர்டு சபையில் புதிதாகச் சேருகிறவர்களை நடத்திய விதமும் ஏறக்குறைய இதுதான்: தன்னில் நடந்ததைச் சொல்ல வேண்டும், சபை கேட்டு முடிவு செய்யும். (1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியாளும் பிள்ளைகளும் ஒரு குளியலுக்கு அனுப்பப்படுகிறார்கள். அது ஞானஸ்நானமா, பரிசுத்தமாகுதலின் உருவகமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.)

கதவு அகலம் என்றவுடன் இது ஏதோ தாராளவாதச் சபை என்று நினைத்துவிடக்கூடாது. தண்ணீரில் விட்டதை நடத்தையில் பிடித்தார்கள். அந்தச் சபைப் புத்தகம் இன்னும் இருக்கிறது, அதில் கண்டிப்புகளும் சபை நீக்கங்களும் நிறைய. ஸ்வான் விடுதியிலிருந்து மூன்று பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட வேண்டிய அளவுக்குக் குடித்த ஒருவரை நீக்கிய குறிப்பில், அவர் சாதாரணக் குடிகாரர்களின் அளவையும் தாண்டியவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை!

பன்யனின் அகலத்துக்கும் எல்லை இருந்தது. 1683இல், சபைப் பெண்கள் தங்களுக்குள் தனியாகக் கூடி ஜெபக்கூட்டம் நடத்தலாமா என்று ஒரு கேள்வி எழுந்தபோது, கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். வாசலில் வெயில் காய்ந்தபடி பேசிக்கொண்டிருந்த அந்த மூன்று நான்கு பெண்கள் இல்லாமல் அவர் எங்கே இருந்திருப்பார்? தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு துணிந்து யோசித்தவர், இங்கே தன் காலத்துக்குள்ளேயே நின்றுவிட்டார். எனக்கு இதில் ஏமாற்றம்தான்.

1688இல் பன்யன் லண்டனில் இறந்து பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். 1701இல் இறந்த கிஃபினையும் அங்கேதான் புதைத்தார்கள். பெட்போர்டு சபை அதன் பிறகும் இரண்டு தரப்பாரையும் சேர்த்தே ஓடியது. அவருக்கு அடுத்து வந்த போதகர் எபினேசர் சாண்ட்லர் குழந்தை ஞானஸ்நானக் கட்சி.

சிக்கல் 1772இல் வந்தது. அப்போதைய போதகர் ஜோஷுவா சைமண்ட்ஸ் தன் மனதை மாற்றிக்கொண்டு, வளர்ந்தவர்களின் ஞானஸ்நானமே சரி என்று சொன்னார். பன்யனின் விதிப்படி இதில் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. ஆனாலும் குழந்தை ஞானஸ்நானக்காரர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து போய் வேறு ஆலயம் கட்டிக்கொண்டார்கள். பக்கத்து பந்தியில் மாற்றுக் கருத்துக்காரர் இருப்பதைச் சகித்தவர்களுக்குப் பிரசங்க மேடையில் இருப்பதைச் சகிக்க முடியவில்லை போல. பிரிந்து போனவர்களில் ஜான் ஹோவார்டும் ஒருவர். அடுத்த வருஷம், 1773இல், அவர் பெட்போர்டுஷயரின் ஷெரிப் ஆனார். அந்தப் பதவியின் வேலையாக, பன்யன் 12 வருஷம் இருந்த அதே கவுண்டி சிறைக்குள் போனார். விடுதலையான பிறகும் சிறைக் கட்டணம் கட்டக் காசில்லாமல் கைதிகள் உள்ளேயே கிடப்பதை அங்கே பார்த்துவிட்டு, நாடு முழுக்கச் சிறை சிறையாகச் சுற்றக் கிளம்பினார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது சிறைச் சீர்திருத்தக்காரராகத்தான்.