விரலால் வாசிக்கும் கணினி

கணினி சொல்வதை விரல்நுனி வாங்கவும் விரல் சொல்வதைக் கணினி ஏற்கவும் அமைந்த வழிகளுக்கு, விழிப்புலனற்றோருக்கான தொடு இடைமுகங்கள் என்று பெயர். எழுந்து தாழும் பிரெயில் புள்ளிகள், அதிரும் ஊசிகள், விரலசைவு அறிந்து பேசும் தொடுதிரை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கருவிகள் புதியவை. அவை நிற்கும் அடித்தளம் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் போடப்பட்டது.

பிரெஞ்சுப் படை அதிகாரி சார்ல்ஸ் பார்பியே பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட ஒரு குறியீட்டு முறையை வகுத்திருந்தார். பார்வையற்ற மாணவனான லூயி பிரெயில் 1824இல், தனது பதினைந்தாவது வயதில், அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. பன்னிரண்டு புள்ளிகளை மேலும் கீழுமாகத் தடவித்தான் அறிய முடியும். ஆறு புள்ளிகளோ ஒரே தொடுகையில் விரல்நுனிக்குள் அடங்கும். அந்த ஆறைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். புள்ளி உண்டு அல்லது இல்லை என்ற இந்த இருநிலைக் கணக்கு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த கணினிக்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாமல் பொருந்திப்போனது.

தமிழ்நாட்டில் 1890இல் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். இலங்கையில் மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் குறைந்தோர் பாடசாலை இன்றும் இரத்மலானையில் இயங்குகிறது. அக்காலத்தில் இந்தியாவில் ஒன்றுக்கொன்று முரணான பல பிரெயில் முறைகள் புழங்கின. 1951இல் யுனெஸ்கோவின் முயற்சியோடு ‘பாரதி பிரெயில்’ என்ற பொது முறை உருவான பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளிக்கோலம் என்பது அதன் விதி.

தமிழும் சிங்களமும் புழங்கும் கண்டியில் இருந்து பார்த்தால் இந்த விதியின் அருமை நன்றாகத் தெரியும். அச்சில் தமிழ் ‘ம’வுக்கும் சிங்கள ‘ம’வுக்கும் கண்ணுக்குப் புலப்படும் உறவு ஏதும் இல்லை. பிரெயிலில் இரண்டும் 1, 3, 4 என்ற அதே மூன்று புள்ளிகள்தாம். சிங்கள பிரெயிலும் பெரும்பாலும் பாரதி முறையைத் தழுவியது, சில எழுத்துகளில் மட்டும் வேறுபடுவது. தமிழ் பிரெயில் கற்ற ஒரு பிள்ளை சிங்கள எழுத்துகளில் பெரும்பகுதியை அப்போதே கற்றுவிடுகிறது. எழுதும் முறையும் எளிது. அச்சில் ‘கொ’வுக்கு முன்னும் பின்னும் குறி போட வேண்டும். பிரெயிலில் ‘க’ எழுதி, அடுத்த ஆறு புள்ளிக் கட்டத்தில் ‘ஒ’ எழுதினால் போதும். மெய்யெழுத்தென்றால் நான்காம் புள்ளியை முதலில் வைத்துவிட்டு எழுத வேண்டும். கணினி நிரலாளருக்கு இந்த நேர்வரிசை பெரிய உதவி.

கணினிக்காலத்தின் முதல் பெரிய முயற்சி பிரெயிலை விட்டு விலகிச் சென்றது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் லின்வில்லின் மகள் கேண்டி சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். மகள் எந்த அச்சுப் புத்தகத்தையும் தானே படிக்க வேண்டும் என்ற தந்தையின் ஆசையில் பிறந்தது ‘ஒப்டகான்’. ஒரு கை சிறிய கமராவை வரிமீது நகர்த்தும். மற்றக் கையின் சுட்டுவிரலின் கீழ் 144 ஊசிகள், 24 வரிசையும் 6 நிரலுமாக, கமரா பார்த்த எழுத்தின் வடிவத்திலேயே அதிரும். 1970களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. எழுத்தின் உருவத்தையே தந்ததால் எந்த மொழிக்கும் பொருந்தக்கூடிய கருவி அது. கற்பது கடினம், வாசிப்பும் மெதுவாகவே நடக்கும். ஆயினும், அச்சில் உள்ளதை இன்னொருவர் குரல் இல்லாமல் அறியும் சுதந்திரத்தை அது தந்தது. 1996இல் உற்பத்தி நின்றபோது பலர் தம்மிடமிருந்த பழைய கருவியை விடாமல் பேணினார்கள்.

1970களின் நடுப்பகுதியில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பிரெயில் டிஸ்பிளே உருவானது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே மின்னழுத்தம் பட்டால் வளையும் ஒரு மெல்லிய பீங்கான் பட்டை இருக்கும். அது வளையும்போது ஊசி மேலெழும், நிமிரும்போது தாழும். கணினிக்கான பிரெயிலில் கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள் என்பதால், நாற்பது எழுத்து கொண்ட ஒரு வரிக்கு 320 பட்டைகள் தேவை. அவற்றை நுணுக்கமாகப் பொருத்தும் வேலையே விலையை ஏற்றியது. பல ஆயிரம் டொலர் விலையுள்ள அந்த ஒரு வரி, தெற்காசியக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

எனவே எம் பக்கத்தில் பெரும்பாலோருக்குக் கணினி காது வழியாகவே வந்து சேர்ந்தது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கல் கரன் 2006இல் தொடங்கிய ‘என்விடிஏ’ என்ற இலவசத் திரை வாசிப்பான் அதற்குப் பெருந்துணை செய்தது. அதனுடன் வரும் குரல் நிரல் தமிழையும் சிங்களத்தையும் பேசும்.

2007இல் ஐபோன் வந்தபோது பார்வையற்றோரிடையே எழுந்தது அச்சம். பழைய கைத்தொலைபேசியில் விரல் தடவி அறிய விசைகள் இருந்தன, ஐந்தாம் இலக்கத்தின் மேல் ஒரு மேடும் இருந்தது. புதியதிலோ வெறும் கண்ணாடி. பிடிமானம் இல்லாத பரப்பில் எதை எங்கே தொடுவது?

இதற்கு அழகான விடை சொன்னவர்களுள் ஒருவர், பூனேயில் வளர்ந்த டி. வி. ராமன். பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர், மும்பை ஐஐடியில் படித்து, 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கணிதச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரியும்படி ஒலிக்கச் செய்வதே அவருடைய ஆய்வு. கூகுளில் சேர்ந்த பிறகு அவர் சார்ல்ஸ் சென்னுடன் இணைந்து செய்த இலக்கத் தட்டு, கேள்வியையே திருப்பிப் போட்டது. திரையில் விரல் முதலில் எங்கே படுகிறதோ அந்த இடமே ஐந்து. அங்கிருந்து மேலே நகர்த்தினால் இரண்டு, கீழே எட்டு. தவறினால் போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் கடைசி இலக்கம் அழியும். விரல் விசையைத் தேட வேண்டியதில்லை, விசைகள் விரலைச் சுற்றி வந்து அமரும். தொடுதிரை வரலாற்றில் இதைவிட மனிதத்தன்மை உள்ள யோசனை அரிது.

வேறொரு வழியை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ‘ஸ்லைட் ரூல்’ என்ற பெயரில் காட்டியிருந்தார்கள். விரலைத் திரையில் இழுத்துச் செல்லும்போது அதன் கீழுள்ளதைப் போன் வாசிக்கும், வேண்டியதைக் கேட்டதும் ஒரு தட்டு. 2009இல் அப்பிள் நிறுவனம், தொட்டதை வாசிக்கும் ‘வொய்ஸ்ஓவர்’ வசதியை ஐபோனிலேயே உள்ளடக்கி வெளியிட்டது. அதே ஆண்டில் அண்ட்ரொய்டில் ‘டாக்பேக்’ வந்தது. 2011இல் அதிலும் தொட்டுத் தேடும் முறை சேர்ந்தது. தனியாகக் கருவி வாங்க வேண்டிய நிலை இதோடு மாறியது. கடையில் எல்லோரும் வாங்கும் அதே போனையே விழிப்புலனற்றவரும் வாங்கினார். பிறகு கண்ணாடியே பிரெயில் தட்டச்சாகவும் ஆனது. திரையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்து, இரு கைகளின் ஆறு விரல்களால் தட்டி எழுதும் வசதி ஐபோனில் 2014இலும் டாக்பேக்கில் 2020இலும் வந்தது.

ஆனால் பேச்சு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தமிழில் இது மிகக் கூர்மையாகத் தெரியும். ‘ந’வும் ‘ன’வும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. வேகமாகப் பேசும் இயந்திரக் குரலில் ‘ர’வும் ‘ற’வும், ‘ல’வும் ‘ள’வும் கலந்துபோகும். பிரெயிலில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோலம் உண்டு: இடப்பக்கத்து மூன்று புள்ளிகள் ‘ல’, வலப்பக்கத்து மூன்று ‘ள’. காதால் மட்டுமே படித்து வளரும் பிள்ளை, கதையை அறிந்துகொள்ளும், ஆனால் எழுத்துக்கூட்டலை இழக்கும். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு அது சிறிய இழப்பல்ல.

பல்லேகலயில் இருந்து கண்டி நகருக்குப் பஸ்ஸில் வரும் ஒருவரின் போனில் வரும் செய்திகளை நினைத்துப் பார்க்கலாம். வீட்டுச் செய்தி தமிழில், வேலையிடத்துச் செய்தி சிங்களத்தில், வங்கிச் செய்தி ஆங்கிலத்தில், நண்பரின் செய்தி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில். கடைசியானதை இயந்திரக் குரல் ஆங்கிலமென்று எண்ணிச் சிதைத்து உச்சரிக்கும். விரலுக்கு வந்தால் எழுத்து எழுத்தாகப் புரியும். திரையில் உள்ளதைப் பிரெயிலாக மாற்றும் வேலையை ‘லிப்லூயி’ என்ற திறந்த மூல நிரல் செய்கிறது. பார்வையும் செவிப்புலனும் அற்ற அமெரிக்க நிரலாளர் ஜோன் போயர் 2002இல் தொடங்கிய பணி அது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் அதில் அட்டவணைகள் உண்டு.

பிரெயில் டிஸ்பிளேயின் விலையைக் குறைக்கும் முயற்சி 2010களில் வேகம் பிடித்தது. பல நாட்டு விழிப்புலனற்றோர் அமைப்புகள் ஒன்றுகூடி ஆதரித்த ‘ஓர்பிட் ரீடர் 20’, பழைய கருவிகளின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்தது. டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் குழு உருவாக்கிய ‘டொட்புக்’ 2019இல் வெளியானது. பீங்கான் பட்டைக்குப் பதிலாக, சூடானால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவையை அக்குழு பயன்படுத்தியது.

ஒரு வரியைத் தாண்டிய முழுப்பக்கக் கருவிகளும் வந்துவிட்டன. ஜெர்மனியின் ‘ஹைப்பர்பிரெயில்’ 7,200 ஊசிகள் கொண்டது. அமெரிக்காவில் வந்த ‘மொனார்க்’ பத்து வரி, வரிக்கு 32 எழுத்து காட்டும். வரைபடமும் கணித வளைவும் அதில் விரலுக்கு எட்டும்.

கருவி மட்டும் போதாது, வாசிக்கப் புத்தகமும் வேண்டும். இலங்கை 2016 ஒக்டோபரில் மராகேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. விழிப்புலனற்றோருக்காகப் புத்தகங்களை வேறு வடிவில் ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்பதே அதன் சாரம். தமிழ்ப் புத்தகங்களுக்கோ இன்னொரு தடை உண்டு. இலங்கையில் நெடுங்காலமாகப் பாடக்குறிப்புகளும் சுற்றறிக்கைகளும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டு வந்துள்ளன. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். கண் அதில் தமிழைக் காணும். திரை வாசிப்பான் அந்த ஐந்தையும் வெறும் குறிகளாக உளறும், பிரெயில் டிஸ்பிளே அவற்றையே புள்ளிகளாக்கும். பாமினியை, உலகப் பொதுக் குறியீடான யூனிகோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் பல ஆண்டுகளாக உள்ளன. ஆசிரியரோ அலுவலரோ கோப்பை அனுப்புவதற்கு முன் ஒருமுறை மாற்றினால், அதே கோப்பு தமிழாகவே விரலுக்குப் போய்ச்சேரும்.