கொள்ளிட வடகரையில் மனைப்புறத்து அரவு

இறைவனுக்கு அரவு அணிகலம். உழவனுக்கு அஃது அச்சம். இவ்விரண்டு கருத்தும் ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ், பல நூற்றாண்டுகளாகத் தம்முள் மாறுபடாது வாழ்ந்து வந்துள்ளன. கோயிலிற் சென்று அரவணிந்த பெருமானைத் தொழுது மீண்டவன், தன் கொல்லைப்புறத்து வரப்பிற் கால் வைக்குமுன் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தே அடியிடுவான். இதனை முரணென்று எவரும் கருதியதில்லை. இவ்வியல்பு தமிழகமெங்கும் உள்ளதாயினும், கொள்ளிடத்தின் வடகரையை ஆராய்வார்க்கு இதன் வரலாறு சற்றுத் தெளிவாகப் புலப்படும்.

அந்நாடு முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் தாலூகாக்களாய் இருந்தது. 1995-ஆம் ஆண்டிற் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இற் பிரிந்து, மறுவருடமே மீளச் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு மாறினும் நிலம் மாறவில்லை. ஒருபால் பச்சைமலையின் அடிவாரம். ஒருபால் கோடையிற் பிளந்து நிற்கும் கரிசல். தென்பாற் கொள்ளிடத்துப் படுகையும் வாழைத் தோட்டங்களும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் புன்செய்களின் நடுவே மனைகள் அமைந்துள்ளன. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தை அரவு நாடும். வைக்கோற்போர், விறகடுக்கு, வறட்டிக் குவியல், கூரையின் தாழ்வாரம், கிணற்றடிக் கல்லிடுக்கு ஆகிய இவை மனிதன் தன் வசதிக்கென அமைத்தனவே. ஆயினும் அரவுக்கும் அவை உகந்தனவாயின.

நம் நாட்டில் மனிதனை மாய்ப்பனவற்றுள் நான்கே பெரிதும் எண்ணப்படுவன: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் நல்லபாம்பு படமெடுத்துச் சீறித் தன் வரவை அறிவிக்கும். கண்ணாடி விரியனும் உரத்துச் சீறும். சுருட்டை சிறிதாயினும் தன் செதில்களை உராய்ந்து ஒலி எழுப்பும். கட்டுவிரியனோ யாதொரு ஒலியுமின்றி இரவில் மனையினுட் புகுந்து, தரையிற் பாய் விரித்து உறங்குவாரைத் தீண்டும். அதன் பல் நுண்ணியது. நோவும் மிகச் சிறிது. கடியுண்டவன் எறும்பு கடித்ததென்று புரண்டு படுப்பதும் உண்டு. விடியலில் இமை தாழ்ந்து, நாத் தடுமாறி, மூச்சு ஒடுங்கும்போதே உண்மை வெளிப்படும். கட்டிலில் உறங்குவதும் கொசுவலை கட்டுவதும் செல்வர்தம் பகட்டென்று எண்ணினோர் இதனை அறியார்.

இனி வரலாற்றுக்கு வருவோமாயின், முதற்கண் எண்ணத்தக்கவர் சேக்கிழார் பெருமானே. அவர் அநபாயனென வழங்கும் சோழ வேந்தனிடம் அமைச்சராயிருந்தவர். அவ்வரசன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பதே ஆராய்ச்சியாளர் பலரும் கொண்ட துணிபு. அக்காலத்துச் சோழர் தலைநகர், இன்றைய அரியலூர் மாவட்டத்துள் அமைந்த கங்கைகொண்ட சோழபுரம். பெரிய புராணத்தில் அரவு தீண்டிய வரலாறுகள் மூன்று விரிவாகக் கூறப்படுகின்றன. திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகனார் வாழைக்குருத்து அரியுங்கால் தீண்டப்பட்டார். திருமருகலில் வணிகன் ஒருவன் இரவிலே துயிலும்போது தீண்டப்பட்டான். மயிலையில் சிவநேசரின் மகளார் பூம்பாவை மலர்வனத்திற் பூக் கொய்யும்போது தீண்டப்பட்டார். மூன்று இடங்களையும் நோக்குக: வாழைக்கொல்லை, துயிலிடம், பூந்தோட்டம். ஒன்றேனும் காடன்று. மனையும் மனையைச் சூழ்ந்த இடமுமே அரவும் மனிதரும் எதிர்ப்படும் களமென்பதனை, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் புலவர் பெருமான் இங்ஙனம் இயல்பாகவே அமைத்துக் காட்டினார்.

அவர் விடநூலும் அறிந்தவர் என்பதற்குச் சான்றுண்டு. விடம் உடலில் ஏறுங்கால் ஏழு வேகங்களாக ஏறுமென்பது சுச்ருத சங்கிதை முதலாய வைத்திய நூல்களின் கொள்கை. அப்பூதியடிகள் மகனார் வரலாற்றில், விடம் தலைக்கேறிய ஏழாம் வேகத்தையும், அதனால் பல்லும் கண்ணும் உடலும் கருகிய குறிகளையும் சேக்கிழார் முறைப்படக் கூறுகின்றார். பூம்பாவை வரலாற்றில் அரவின் நான்கு பற்களும் பதிந்த செய்தியும், விடந்தீர்க்கும் வித்தையில் வல்லார் பலர் வந்து முயன்றும் பயன்பெறாத செய்தியும் வருகின்றன. மகளாரைக் காப்பார்க்குச் சிவநேசர் பெருநிதி தருவதாகப் பறையறைவித்தார். அன்றைய நகரங்களில் விடவைத்தியர் ஒரு கூட்டமாகவே இருந்தனரென்பது இதனாற் புலனாம்.

இவற்றுள் திங்களூர் வரலாறே நெஞ்சை மிக உருக்குவது. அவ்வூர் திருவையாற்றை அடுத்தது. திருமழபாடியினின்று கொள்ளிடத்தைக் கடந்து செல்வார்க்குத் தொலைவன்று. நாவுக்கரசர் தம் மனைக்கு எழுந்தருளியிருக்க, அவர் அமுது செய்தற்குக் குருத்து அரிய விரைந்தார் அப்பிள்ளையார். கையிற் சுற்றிய அரவை உதறி வீழ்த்தினார். தீண்டப்பட்டதை எவர்க்கும் உரையார். உரைத்தால் அடியவர் அமுது செய்தல் தாழ்க்குமென அஞ்சினார். குருத்தைத் தாயார் கையிற் கொடுத்த பின்னரே வீழ்ந்தார். பெற்றோரும் அப்பெருந்துயரை மறைத்து, உடலை ஒருபுறம் கிடத்தி, அமுதுக்கு வேண்டுவன செய்தனர். அடியார் பத்தியின் எல்லையைக் காட்டுதற்கென எழுந்த வரலாறு இது. இதனைச் சொற்பொழிவாளர் சிலர், கடியுண்டதை மறைத்தல் ஒரு நோன்பு போலப் பேசுவதுண்டு. அது பொருந்தாது. நாவுக்கரசர் உண்மை அறிந்தவுடன் அமுதையும் விட்டெழுந்து, உடலைக் கோயில் முன் கொணரச் செய்தே பதிகம் அருளினார். மறைத்ததனை அவர் பாராட்டி அமர்ந்திருந்தாரல்லர்.

பிள்ளையாரின் திருவருட் செயல் மற்றொன்றும் இக்கரையிலேயே நிகழ்ந்தது. திருப்பாச்சிலாச்சிராமம் எனப்படும் திருவாசி திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிற் கொள்ளிட வடகரையில் உள்ளது. கொல்லி மழவன் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோயை ஞானசம்பந்தர் அங்கே தீர்த்தார். அத்தலத்துக் கூத்தப்பெருமான் திருவடியின்கீழ் முயலகனுக்கு மாறாக அரவே காணப்படும். திருமழபாடியிலோ இறைவன் திருநாமம் வைத்தியநாதன். இப்பெயர்களும் வடிவங்களும் எக்காலத்தில் எவ்வாறு அமைந்தனவாயினும், நோயும் நஞ்சும் நாடோறும் அஞ்சிய மக்களின் நடுவே அவை நிலைபெற்றன என்பதை மறத்தலாகாது.

அரசியலும் இதனைப் புறக்கணித்ததில்லை. சோழர் கல்வெட்டுக்களில் விஷஹரபோகம் என்னும் சொல் வருகின்றது. விடந்தீர்க்கும் வைத்தியனுக்கு ஊரார் விட்ட நிலம் என்பது அதன் பொருள். தச்சனுக்கும் கொல்லனுக்கும் போலவே அவனுக்கும் ஊரிற் பங்கு இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தினின்று ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகளுள்ள ஆதுலர்சாலையையும், அதற்குரிய வைத்தியன், சல்லியம் செய்வான், மருந்து கொணர்வான், பணிப்பெண்டிர் ஆகியோரையும், ஓராண்டுக்குச் சேர்த்து வைத்த மருந்துகளையும் கூறும். பக்தியிற் சிறந்த அக்காலமே மருத்துவத்துக்கு நிவந்தம் அமைத்த காலமும் ஆயிற்று.

சாத்திர நூல்களிலும் அரவு இடம்பெற்றது. சதாசிவமூர்த்தியின் ஐந்து முகங்களினின்றும் ஐவகைத் தந்திரங்கள் தோன்றினவென்றும், அவற்றுள் தற்புருட முகத்திற் பிறந்தன விடந்தீர்க்கும் காருட தந்திரங்களென்றும் சைவர் கூறுவர். அவற்றுட் பல மறைந்தொழிந்தன. அப்பொருளைத் தொகுத்துரைக்கும் கிரியாகாலகுணோத்தரம் என்னும் நூலின் ஏடுகள் நேபாளத்திற் கிடைத்துள்ளன. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில், உயிர் உடல்விட்டு நீங்கும் தன்மைக்கு அரவு தோலுரித்தலை எடுத்துக்காட்டாக்கினார். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் ஒன்பதாஞ் சூத்திரத்தில், சிவோகம்பாவனையால் மலம் நீங்குமாற்றுக்குக் கருடதியானத்தால் விடம் நீங்குதலை உவமை கூறினார். மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்குங்கால் அவன் கருடனாகிவிடுதலில்லை; அவன் வேறு, கருடன் வேறு. அதுபோல உயிர் சிவத்தோடு அழுந்திநிற்பினும் உயிரே என்னும் நுட்பம் இவ்வுவமையால் விளங்கும். இருள்மலத்துக்கு உவமை வேண்டிய ஆசிரியர், கேட்போர் அனைவரும் ஊரிற் கண்டறிந்த விடவைத்தியனையே எடுத்தாண்டார். உவமையின் பயன் மலநீக்கத்தை விளக்குவது. கடியுண்டார்க்கு விதி வகுப்பது அன்று. இவ்வேறுபாட்டை உணராதார் உவமையைச் சிகிச்சையாக்கி உயிரிழப்புக்கு வழிகோலுவர்.

கங்கைகொண்ட சோழபுரம் பாழ்பட்டது. 1836-இற் கொள்ளிடத்துக் கீழணை கட்டுங்கால் திருக்கோயில் மதிற்கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. சோழகங்கம் தூர்ந்து முட்காடு மூடியது. மாளிகைமேடு செங்கற் குவியலாயிற்று. இடிபாடும் புதரும் எலியும் சேர்ந்த இடம் அரவுக்குக் கோட்டையாகும்.

அதற்குச் சில பதின்மர் ஆண்டுகட்கு முன்னரே ஐரோப்பியர் நம் நாட்டு அரவுகளை ஆராயத் தொடங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கைநூலறிஞரான பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் தொகுத்த அரவுகளைப் பற்றிப் படங்களோடு 1796-இற் பெருநூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகின்றது. தஞ்சாவூர் மாத்திரை எனப் புகழ்பெற்ற மருந்தையும் அவர் சோதித்தார். வெள்ளைப் பாஷாணமும் இரசமும் கூடிய அம்மாத்திரையின் ஆற்றலை அவர் ஐயுற்றார். விடமில்லா அரவு தீண்டியவனும், விடமிருந்தும் நஞ்சு உகுக்காது தீண்டப்பட்டவனும் எம்மருந்தாலும் பிழைப்பர்; அப்புகழ் மருந்துக்கும் மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் சேரும். நூற்றாண்டுகளாக நிலவிய மயக்கத்தின் வேர் இதுவே.

மெய்ம்மருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. கால்மெட் என்னும் பிரெஞ்சு அறிஞர் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்கின் உடலிற் செலுத்தி, அதன் இரத்தத்தினின்று முறிமருந்து பிரித்தார். அம்முறையே இன்றும் வழங்குகின்றது. நான்கு அரவுகளின் நஞ்சையும் குதிரைக்கு ஏற்றிப் பெறும் மருந்து அந்நான்குக்கும் பொதுவாக உதவும். அதற்கு வேண்டும் நஞ்சிற் பெரும்பகுதி தமிழ்நாட்டினின்றே செல்கின்றது. 1976-இல் அரவுத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர், 1978-இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக, வடநெம்மேலியில் அரவுகளைக் கொல்லாது நஞ்செடுத்துப் பின் காட்டில் விடுகின்றனர். நல்லபாம்பைக் கொல்லலாகாதென்னும் பழைய வழக்குக்கு இவ்வாறு ஒரு புதிய பொருள் வாய்த்தது. ஆயின் புற்றிற் பால் வார்ப்பது அரவுக்கு உணவாவதில்லை. பால் அதற்கு இயல்பான இரையன்று. புற்றைப் பூசித்தல் வேறு, அரவை வளர்த்தல் வேறு.

இறந்தோர் தொகை திகைப்பூட்டுவது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் அரவு தீண்டி மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் என்றும், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்றும் ஆய்வாளர் கணித்தனர். அவருட் கால்வாசிக்கு மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்ட சிறார். பெரும்பாலோர் சிற்றூர்களில் தம் மனைகளிலேயே மாண்டனர். மருத்துவமனை சேராது மாண்டனர் என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டரசு 2024-இல் அரவுக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கிற்று. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் கணக்கிற் பதிதல் வேண்டும்.

பழைய முறைகளுட் சில இன்று விலக்கப்பட்டன. கடிவாய்க்கு நாலங்குலம் மேலே இறுகக் கட்டுமாறு சுச்ருதம் கூறும். இக்கால மருத்துவர் அதனை வேண்டா என்பர், விரியன் கடியிற் கட்டிய உறுப்பே அழுகிப்போதலின். கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் அவ்வாறே தள்ளுண்டன. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, நடக்கவிடாது சுமந்து செல்லுதலே முதற்பணி. மருத்துவமனையிற் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாது வைப்பர். உறையாதிருப்பின் விரியன் நஞ்சென்று துணிந்து முறிமருந்து ஏற்றுவர். அரவை அடித்துக் கையிற் கொண்டு செல்லவேண்டுவதில்லை.

தேவாரம் ஓதுதற்கு இவற்றுள் எதுவும் தடையன்று. வண்டியிற் செல்லும்போதும் பதிகம் ஓதலாம். ஓதி முடித்த பின்னரே வண்டி தேடுவோம் என்பதொன்றே தவறு. அங்ஙனம் கழிந்த நாழிகையால் மாண்டவர்க்குத் தேவாரம் பொறுப்பன்று.

திங்களூர்க் கைலாசநாதர் கோயிலில் அப்பூதியடிகள், அவர் மனைவியார், மைந்தர் இருவர் ஆகியோரின் திருவுருவங்கள் இன்றும் உள்ளன. மைந்தர் இருவர்க்கும் பெயர் திருநாவுக்கரசு என்பதே; வாழைக்குருத்து அரியச் சென்றவர் அவருள் மூத்தவர்.