வாட்டர் பெட் வாங்கப் போறீங்களா? அதோட கதையைக் கேட்டுட்டுப் போங்க

களக்காட்டுப் பக்கம் ஒரு வீட்ல தாத்தாவோ ஆச்சியோ பக்கவாதம் வந்து படுத்துட்டா, சென்னையிலயோ துபாய்லயோ இருக்கிற மகன் போன்ல கேக்குற முதல் கேள்வி: "டாக்டர், வாட்டர் பெட் வாங்கிப் போட்டுரட்டுமா?"

வாங்கலாம். ஆனா அது எதுக்காக வந்த பொருள்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

அதைச் செஞ்சது ஒரு வைத்தியர். பேரு நீல் ஆர்னாட், ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்ல மருத்துவரா சீனா வரைக்கும் போய் வந்தவர். 1832ல, பிரசவத்துக்குப் பிறகு ரொம்ப நாள் படுத்தே கிடந்து உடம்பெல்லாம் புண்ணான ஒரு பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். எந்த மெத்தை போட்டாலும் வலி.

ஏன் புண்ணு வருது? எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல தோல் மாட்டி நசுங்குது. நுண்ணிய ரத்தக்குழாய்கள்ல அழுத்தம் ரொம்பக் குறைவு. 1930ல லாண்டிஸ் அளந்தப்ப சுமார் 32 மி.மீ. பாதரசம். (நீங்க கையில கட்டிப் பாக்குற பிரஷர் 120.) அதுக்கு மேல அமுக்கினா குழாய் மூடிக்கலாம். சில மணி நேரம் அப்படியே கிடந்தா சதை செத்துப்போகும்.

ஆர்னாட் யோசிச்சார்: தண்ணியில மிதக்குற உடம்பை எந்த ஒரு இடமும் குத்தாதே? ஒரு தொட்டியில தண்ணி ஊத்தி, மேல ரப்பர் பூசின துணியை விரிச்சு, அதுல மெல்லிசா ஒரு மெத்தை போட்டார். இதுல கவனிக்க வேண்டியது, துணியை இழுத்துக் கட்டலை. வெறும் தொட்டிக்கு உள்பக்கம் முழுக்க விரிக்கிற அளவுக்குத் தொளதொளன்னு விட்டார். உடம்பு அதுல அமிழ்ந்து இறங்கணும், அதான் சூட்சுமம்.

காப்புரிமையும் வாங்கலை. யார் வேணாலும் செஞ்சுக்கட்டும்னு விட்டுட்டார். இந்த மனுசனைப் பத்தி எங்களுக்குக் கல்லூரியில ஒருத்தரும் சொல்லலை.

அப்புறம் 1968ல சான் பிரான்சிஸ்கோ மாணவர் சார்லஸ் ஹால் அதைச் சொகுசுப் படுக்கையா மாத்துனார். 1987ல அமெரிக்காவுல வித்த மெத்தையில 22 சதவீதம் வாட்டர் பெட்! பிறகு கனம், கசிவுன்னு மவுசு போயிட்டு. நமக்கு அந்தக் கதை தேவையில்லை.

நமக்குத் தேவையானவர் லுட்விக் குட்மன். 1944ல இங்கிலாந்தின் ஸ்டோக் மான்டவில் மருத்துவமனையில தண்டுவடம் அடிபட்ட ராணுவ வீரர்களுக்காக ஒரு பிரிவு தொடங்கினார். அதுவரைக்கும் அந்த மாதிரி நோயாளிகள் புண்ணாலயும் சிறுநீர்த் தொற்றாலயும் செத்துக்கிட்டு இருந்தாங்க. அவர் போட்ட சட்டம் ஒண்ணு: ராத்திரி பகல் பாக்காம 2 மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வை.

நம்ம ஊர்ல பெட் வந்த அன்னைக்கே இதுதான் நின்னு போகுது. "அதான் வாட்டர் பெட் போட்டாச்சே டாக்டர்!" தண்ணி அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். ஆச்சியைப் புரட்டாது. ஈரத்துணியை மாத்தாது.

இன்னொண்ணு, நிறைய வீட்ல பையை டம்முனு நிரப்பி வச்சிருக்காங்க. அது பலகை மாதிரி. ஆர்னாட்டோட தொளதொளப்பே போச்சு. ரொம்பக் கம்மியா ஊத்துனா இடுப்பெலும்பு கட்டில்ல இடிக்கும். பைக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. எலும்பு கையில தட்டுப்பட்டா தண்ணி பத்தலை. மேல நாலு போர்வை அடுக்காதீங்க, ஒரு பழைய காட்டன் சீலை போதும். கட்டில்ல வச்ச பிறகே நிரப்புங்க. 100 லிட்டர்னா 100 கிலோ!

மலையடிவாரத்துல மார்கழி எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. பையில இருக்கிற தண்ணி ஜில்லுன்னு ஆகி உடம்புச் சூட்டை இழுக்கும். பேச்சு வராதவர் குளிருதுன்னு சொல்லமாட்டார், தொட்டுப் பாருங்க. அதுக்காக உள்ள சுடுதண்ணி ஊத்திராதீங்க. உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது.

தானா எந்திரிச்சு நடந்து பழகுறவருக்கு இது வேண்டவே வேண்டாம். ஆடுற படுக்கையில கால் ஊன்ற முடியாது. அவருக்குக் கெட்டியான மெத்தையும் மேல ஒரு பத்தமடைப் பாயும் மேல்.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுத்து வைங்க. தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூணையும் பாருங்க. சிவந்த இடத்தை விரலால அமுக்கி எடுங்க. வெளுத்துச் சிவந்தா புரட்டிப் போட்டாலே சரியாகும். வெளுக்காம சிவப்பாவே நின்னா அன்னைக்கே சொல்லி அனுப்புங்க. தோல் கறுப்பா இருந்தா நிறம் தெரியாது. சூடோ கெட்டியோ தட்டுப்பட்டாலும் அதே கணக்குதான்.