கூஞ்ஞ என்றொரு பெயர்

மன்னாரிலே குரூஸ் என்றோ பீரிஸ் என்றோ சொன்னால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘கூஞ்ஞ’ என்றால் மட்டும் வெளியூரார் மறுபடியும் கேட்பர். எமது அடம்பன் போன்ற வயற்கிராமங்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே பலருக்குப் போதும். தீவிலும் கரையோரத்திலும் பல கத்தோலிக்கக் குடும்பங்களிடம் போர்த்துக்கேயக் குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. கூஞ்ஞவும் அவற்றுள் ஒன்று. குரூஸைப் போலப் பெருவழக்கினதன்று.

போர்த்துக்கேய மொழியில் இச்சொல்லுக்கு ஆப்பு என்பது பொருள். விறகு பிளக்க வைக்கிறோமே, அதே ஆப்புத்தான். இப்பெயர் பூண்ட பிரபு குடும்பத்தின் கேடயத்திலும் நீலநிற ஆப்புகளே பொறிக்கப்பட்டிருந்தன. 1529 முதல் 1538 வரை போர்த்துக்கேய இந்தியாவை ஆண்ட நூனோ த கூஞ்ஞ அக்குடும்பத்தவர். அவருடைய காலத்திலேதான் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். அதற்காக மன்னார்க் கூஞ்ஞமாரை ஆளுநரின் வாரிசுகள் எனக் கொள்ளலாகாது. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின் குடும்பப்பெயரைச் சூட்டுவது அன்றைய வழக்கம். ஞானத்தந்தை சாதாரணச் சிப்பாயாகவும் இருந்திருக்கலாம்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். புன்னைக்காயல் பரதவரில் ஒரு பகுதியினரும் அப்போது இங்கே வந்து குடியேறினர். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தபோதும் பெயர்கள் மறையவில்லை.

என்னை வியக்க வைப்பது அந்த ‘ஞ்ஞ’தான். 2014இல் ஜெயலலிதா வழக்கில் தீர்ப்பளித்த கர்நாடக நீதிபதியின் பெயரைத் தமிழகப் பத்திரிகைகள் ‘குன்ஹா’ என்று அச்சிட்டன. பெயர் இதே பெயர்தான். அவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினார்கள். மன்னார் மக்களோ காதாற் கேட்டதை எழுதினார்கள். போர்த்துக்கேயர் உச்சரிப்புக்கு மிக அண்மையில் நிற்பது நம்மவர் எழுத்தே. மயிலுக்கு ‘மஞ்ஞை’ என்று பெயர் வைத்த மொழிக்கு இந்த ஒலி சிரமமா என்ன? ஆங்கிலத்திலே எழுதும்போதுங்கூட, போர்த்துக்கேயர் ஐந்தெழுத்தில் எழுதியதை இங்கே ஏழெழுத்தாக நீட்டி எழுதுவோர் உண்டு. அதுவும் செவிவழி வந்ததற்குச் சான்று எனலாம்.

இப்பெயருடையோர் எத்தனை பேர்? குடிசன மதிப்பீட்டறிக்கைகள் இனத்தையும் சமயத்தையும் எண்ணிக் காட்டுமேயன்றிக் குடும்பப்பெயரை அல்ல. 2012இல் மன்னார் மாவட்டத்தில் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் இருந்தனர்; பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர் என்பதோடு அந்த அறிக்கை நின்றுவிடுகிறது. பங்குக் கோவில்களின் ஞானஸ்நான இடாப்புகளைப் புரட்டித்தான் மிகுதியைக் கணக்கிட வேண்டும்.

1990இல் போர் மூண்டபோது கரையோர மக்கள் பலர் வள்ளமேறி இராமேஸ்வரம் சென்றனர். பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் பலர். அங்கே பெயர் ஆங்கில எழுத்திலே மட்டும் வாழ்கிறது. அந்த ஏழெழுத்தை அந்நியர் ‘கூங்கே’ என்றே வாசிப்பர். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளையும் அப்படியே வாசிக்கும்; திருத்திச் சொல்ல வீட்டிலே ஒரு பாட்டி இருந்தாலொழிய.